போகப் பத்து மணி நேரம், வரப் பன்னிரண்டு

"போகும்போது பத்து மணி நேரம் ஆச்சு. வரும்போது மட்டும் ஏன் பன்னிரண்டு?"

ஜப்பானின் நரிதா விமான நிலையத்தில் பெட்டிகள் வருவதற்காகக் காத்து நின்றபோது அம்மா இதைக் கேட்டாள். மூன்று வாரத்துக்கு முன்னால் அங்கிருந்துதான் லாஸ் ஏஞ்சலஸில் இருக்கும் அண்ணனைப் பார்க்கக் கிளம்பியிருந்தோம். ஜனவரி மாதம். அம்மாவுக்கு எந்தப் பயணத்திலும் ஒரு பழக்கம் உண்டு. சின்ன நோட்டு ஒன்றில், வண்டி கிளம்பிய நேரம், நின்ற நேரம் இரண்டையும் எழுதி வைப்பாள். விமானமானால் சக்கரம் தரையை விட்ட நேரமும், மறுபடி தரையைத் தொட்ட நேரமும். கைக்கடிகாரத்தை வழியில் மாற்றவே மாட்டாள். எந்த நாட்டில் இறங்கினாலும் அவள் கையில் ஓடுவது புறப்பட்ட ஊரின் நேரம்தான். அதனால் அவள் நோட்டில் இருப்பது எப்போதுமே உண்மையான மணிக்கணக்கு. போகும்போது மாலை 5.20-க்குக் கிளம்பி 2.45-க்கு இறங்கியிருக்கிறோம்: ஒன்பது மணி இருபத்தைந்து நிமிடம். திரும்பும்போது 5.20-இலிருந்து 4.45 வரை: பதினொரு மணி இருபத்தைந்து நிமிடம். சரியாக இரண்டு மணி நேர வித்தியாசம்.

நான் யோசிக்கவேயில்லை. "பூமி சுத்துதில்லம்மா, அதனாலதான்" என்றேன். பெட்டி வந்தது, இழுத்துக்கொண்டு நடந்தோம். அம்மா அந்தப் பதிலை மிகவும் ரசித்தாள். ஒரு பெரிய விஷயத்தை மகள் ஒரே வரியில் சொல்லிவிட்டாள் என்ற திருப்தி அவள் முகத்தில் இருந்தது. இப்போதும் நினைவிருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பில் அண்ணன் மகனிடம் அதைச் சொன்னாள். அவனுக்கு ஒன்பது வயது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம் எழுந்துபோய் உலக உருண்டையைத் தூக்கிக்கொண்டு வந்தான். "பாட்டி, பூமி இந்தப் பக்கம்தான் சுத்தும்" என்று மேற்கிலிருந்து கிழக்காகச் சுற்றிக் காட்டினான். "நீங்க எங்க வீட்லேர்ந்து மேற்கே போனீங்க. அப்போ ஜப்பான் உங்களை நோக்கித்தானே வரும்? சீக்கிரமா போயிருக்கணுமே, அத்தை?"

கடைசியில் அவன் 'அத்தை' என்று என்னைத்தான் கூப்பிட்டான். அம்மாவும் திரும்பி என்னைப் பார்த்தாள். என்னிடம் பதில் இல்லை. அழைப்பு முடிந்த பிறகு அம்மா மெதுவாக ஒன்று சொன்னாள்: "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லியிருக்கலாமே."

கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் அது எனக்குள் தங்கிவிட்டது. ஒரு வரித் தவறான பதில் எவ்வளவு எளிதாக அடுத்த தலைமுறைக்குப் போய்விடுகிறது என்பதை, அந்தப் பையன் உருண்டையைத் தூக்கிவந்த நொடியில் கண்ணால் பார்த்தேன். அவன் யோசிக்காத பிள்ளையாக இருந்திருந்தால் என் பதில் அப்படியே அவன் வகுப்பு வரை போயிருக்கும்.

ஒரு எண், இரண்டு பயணம்

முதலில் இணையத்தில் தேடினேன். இரண்டு விமான நிலையங்களின் பெயரைக் கொடுத்தால் தூரமும் பறக்கும் நேரமும் சொல்லும் பக்கங்கள் நிறைய இருக்கின்றன. நரிதா, லாஸ் ஏஞ்சலஸ் என்று கொடுத்தேன். ஏறக்குறைய 8,750 கிலோமீட்டர் என்றது. நேரம் பத்து மணிக்கு மேல் ஏதோ வந்தது. பெயர்களை மாற்றிப் போட்டேன். அதே தூரம், அதே நேரம். எங்கள் நோட்டில் இருந்த இரண்டு மணி நேரம் அங்கே இல்லவே இல்லை.

அந்தப் பக்கங்கள் செய்வது எளிய கணக்கு. தூரத்தை ஒரு சராசரி வேகத்தால் வகுத்து, ஏறுவதற்கும் இறங்குவதற்கும் அரைமணி நேரம் போலக் கூட்டிவிடுகின்றன. தூரம் வரைக்கும் அதில் தவறு இல்லை. பூமியின் மையத்திலிருந்து இரண்டு விமான நிலையங்களுக்கும் இரண்டு கோடு இழுத்தால் நடுவில் ஒரு கோணம் கிடைக்கும். நரிதாவுக்கும் லாஸ் ஏஞ்சலஸுக்கும் அது 79 பாகைக்குக் கொஞ்சம் குறைவு. அந்தக் கோணம்தான் தூரம். மாலுமிகளும் விமானிகளும் இன்னமும் கடல் மைலில் பேசுவதற்கு இதுவே காரணம். ஒரு பாகையை 60 கலையாகப் பிரித்தால், ஒரு கலைக்குப் பூமியின் மேல் உள்ள நீளம் ஒரு கடல் மைல், அதாவது 1,852 மீட்டர். கோணம் தெரிந்தால் தூரம் தெரிந்துவிடும். பூமி சரியான உருண்டை இல்லை, துருவங்களில் சற்றே தட்டை. அதனால் ஒரு பக்கம் சொல்லும் எண்ணுக்கும் இன்னொரு பக்கம் சொல்வதற்கும் இருபது கிலோமீட்டர் போல வேறுபாடு வரலாம். அது பெரிய விஷயமில்லை.

அந்தத் தூரத்தைக் கண்ணால் பார்க்க அம்மாதான் வழி கண்டுபிடித்தாள். சின்ன உலக உருண்டை ஒன்று வாங்கி வந்திருந்தேன். அவள் தையல் பெட்டியிலிருந்து ஒரு நூலை எடுத்து ஒரு முனையை ஜப்பானிலும் மறுமுனையை கலிஃபோர்னியாவிலும் வைத்து இழுத்துப் பிடித்தாள். இரண்டு ஊரும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில், 34, 35 பாகையில் இருக்கின்றன. தட்டை வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் பசிபிக்கின் நடுவில் நேராகப் போகும். நூல் அப்படிப் போகவில்லை. வடக்கே வளைந்து ஏறி 48-ஆவது பாகைக்கு அருகில் போய் மறுபடி இறங்கியது. அட்சரேகை மேலேயே நூலைப் படியவைத்துப் பார்த்தாள், நூல் போதவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த 'நேர்' வழி 9,200 கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. வளைந்ததாகத் தெரிவதைவிட 450 கிலோமீட்டருக்கும் அதிகம். "அப்போ இழுத்துப் பிடிச்ச நூல்தான் நேர் வழி, வரைபடம்தான் வளைஞ்சிருக்கு" என்றாள் அம்மா. இந்த வழிக்குச் சொல்லும் 'பெருவட்டம்' என்ற சொல் அவளுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. 1569-இல் மெர்கேட்டர் வரைந்த வகை வரைபடத்தைச் சுவரில் பார்த்துப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அது திசையைக் காப்பாற்றுவதற்காகத் தூரத்தை விட்டுக்கொடுத்த வரைபடம். விமானத்தில் முன் இருக்கைத் திரையில் அந்தக் கோடு வடக்கே வளையும்போது சுற்றிப் போகிறார்களோ என்று தோன்றுவது அதனால்தான்.

சரி, தூரம் புரிந்தது. ஆனால் இழுத்த நூலை எந்த முனையிலிருந்து அளந்தாலும் நீளம் ஒன்றுதான். இரண்டு மணி நேரத்துக்கான விளக்கம் நூலில் இல்லை.

என் பதில் எங்கே தவறியது

பூமி சுழல்கிறது என்பது உண்மை. நிலநடுக்கோட்டில் தரை மணிக்கு ஏறக்குறைய 1,670 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே போய்க்கொண்டிருக்கிறது. நரிதாவின் அட்சரேகையில் 1,350 போல. ஆனால் ஓடுபாதையில் நிற்கும் விமானமும் அதே வேகத்தில் போய்க்கொண்டுதான் இருக்கிறது. அதைச் சூழ்ந்த காற்றும் அப்படித்தான். தரையை விட்டு எழும்பியதும் அந்த வேகத்தை விமானம் எங்கேயும் கழற்றி வைப்பதில்லை. ஓடும் ரயிலுக்குள் ஒருவர் எஞ்சினை நோக்கி நடந்தாலும் பின்பெட்டியை நோக்கி நடந்தாலும் ஒரே நேரம்தான் ஆகிறது, ரயிலின் வேகம் அதில் சேராது. அதே மாதிரி. விமானத்துக்கு அடியில் பூமி நழுவிப் போவதில்லை. அப்படி நழுவினால், அண்ணன் மகன் சொன்னதுதான் நடக்கும்: மேற்கே போகிறவர்கள்தான் சீக்கிரம் போய்ச் சேர வேண்டும். என் பதில் காரணத்தில் மட்டுமல்ல, திசையிலும் தவறு. ஒன்பது வயதுப் பிள்ளை உருண்டையை ஒருமுறை சுற்றிப் பார்த்துக் கண்டுபிடித்ததை நான் இத்தனை வருடமாகச் சுற்றிப் பார்க்கவேயில்லை.

உண்மையான காரணம் காற்று. பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக, ஒரு ஆறு மாதிரி ஓடும் காற்று. ஜெட் ஸ்ட்ரீம் என்கிறார்கள். அது எப்படி உண்டாகிறது என்று படித்தபோதுதான் எனக்கு ஒரு சின்ன அதிர்ச்சி. வெப்பமான காற்றும் குளிர்ந்த காற்றும் அடுத்தடுத்து இருக்கும் இடத்தில், உயரே போகப் போக இரண்டுக்கும் இடையே அழுத்த வேறுபாடு கூடுகிறது. வெப்பப் பக்கத்திலிருந்து காற்று துருவத்தை நோக்கி ஓடப் பார்க்கிறது. சுழலும் பூமி அதை நேரே போக விடாமல் கிழக்கே திருப்பிவிடுகிறது. அப்படியானால் பூமியின் சுழற்சிக்கு இதில் பங்கு உண்டு! நான் சொன்ன வழியில் இல்லை, அவ்வளவுதான். விமானத்தின் அடியில் தரையை நகர்த்தி அது நேரத்தை மாற்றவில்லை. காற்றைத் திருப்பிவிட்டு மாற்றுகிறது. இதைப் படித்துவிட்டு 'நான் சொன்னதும் சரிதான்' என்று அம்மாவிடம் போய்ச் சொல்ல ஒரு கணம் ஆசை வந்தது. சொல்லவில்லை. தற்செயலாக ஒரு சொல் பொருந்துவதும் தெரிந்து சொல்வதும் ஒன்றில்லை.

குளிர்காலத்தில் ஜப்பானின் மேல் சைபீரியக் குளிரும் பசிபிக்கின் வெப்பமும் அருகருகே வருகின்றன. அதனால் உலகத்திலேயே இந்தக் காற்று மிக வலுவாக ஓடும் இடங்களில் ஒன்று நாங்கள் கிளம்பிய ஊருக்கு நேர் மேலே இருந்திருக்கிறது. மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டுவதும் உண்டு. கோடையில் வலுக்குறைந்து வடக்கே ஒதுங்கிவிடும். நாங்கள் போனது ஜனவரி.

இந்தக் காற்றை முதலில் முறையாக அளந்தவரும் அங்கேதான் இருந்தார் என்பது எனக்கு அதுவரை தெரியாது. வசபுரோ ஓஇஷி என்ற வானிலை ஆய்வாளர், டடேனோ என்ற இடத்தில் இருந்த மேல்வளிமண்டல ஆய்வகத்தின் தலைவர். இன்றைக்கு அது த்ஸுகுபா நகரத்தில் சேர்ந்த இடம், நரிதாவிலிருந்து அதிகத் தூரம் இல்லை. 1920-களில் அவர் பலூன்களை விட்டு, அவை போகும் போக்கைத் தொலைநோக்கிக் கருவியால் தொடர்ந்து பார்த்து, உயரே வீசும் காற்றைக் கணக்கிட்டார். குளிர்காலத்தில் கிடைத்த வேகங்கள் அதற்கு முன் யாரும் நினைத்துப் பார்க்காதவை. முடிவுகளை 1926-இல் வெளியிட்டார். எல்லா நாட்டவரும் படிக்க வேண்டும் என்று எஸ்பெராண்டோ மொழியில் எழுதினார். யாருக்கும் சொந்தமில்லாத, எல்லோருக்கும் பொதுவான மொழி என்று உருவாக்கப்பட்டது அது. ஆனால் வெளியில் அதைப் படித்தவர்கள் மிகக் குறைவு. கிட்டத்தட்ட இருபது வருடம் கழித்து, 1944-இல், ஜப்பானின் மேல் உயரத்தில் பறந்த அமெரிக்க பி-29 குண்டுவீச்சு விமானங்கள் அந்தக் காற்றில் மாட்டித் திணறிய பிறகுதான் வெளியுலகம் அதன் வலுவை உணர்ந்தது. அதே காற்றில் ஜப்பானிய ராணுவம் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வெடிகுண்டுப் பலூன்களை அமெரிக்காவை நோக்கி மிதக்கவிட்டது. 1945 மே மாதம் ஆரிகன் மாநிலத்தில், விழுந்து கிடந்த ஒரு பலூன் வெடித்து ஒரு பெண்ணும் ஐந்து குழந்தைகளும் இறந்தார்கள். அம்மாவுக்கு இதைப் படித்துக் காட்டினேன். "எல்லாரும் படிக்கணும்னு எழுதினவரு பாவம்" என்று மட்டும் சொன்னாள்.

பயணிகள் விமானம் இந்தக் காற்றில் ஏறிப் பயன் கண்டது 1952 நவம்பரில். பான் ஆம் விமானம் ஒன்று டோக்கியோவிலிருந்து ஹொனலூலுவுக்கு அதன்மேல் பறந்தது. அதுவரை பதினெட்டு மணி நேரம் ஆகிக்கொண்டிருந்த வழி பதினொன்றரை மணி நேரமாகக் குறைந்தது. இரண்டு ஊருக்கும் இடையே உள்ள தூரம் ஒரு கிலோமீட்டர்கூட மாறவில்லை.

திரையில் பார்த்தது

அடுத்த குளிர்காலத்தில் மறுபடி அதே வழியில் போனோம். இந்த முறை நான் தூங்கவில்லை. முன் இருக்கைத் திரையில் படத்தை வைக்காமல், வரைபடத்தையும் எண்களையும் மட்டுமே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கிளம்பி ஒன்றரை மணி நேரத்தில், தரை வேகம் மணிக்கு 1,105 கிலோமீட்டர் என்று காட்டியது. பின்காற்று 215. கழித்தால் 890. அதுதான் காற்றுக்குள் விமானத்தின் சொந்த வேகம். அம்மாவைத் தொட்டுக் காட்டினேன். "இருநூத்திப் பதினஞ்சு சும்மா கிடைக்குதா?" என்றாள். ஆமாம், சும்மாதான். அந்த உயரத்துக் குளிரில் ஒலியின் வேகம் 1,065 கிலோமீட்டர் போல. தரையைப் பார்த்தால் அதைவிட வேகமாகப் போகிறோம். ஆனால் ஒலித்தடையைத் தாண்டிவிடவில்லை, ஏனென்றால் சுற்றியிருக்கும் காற்றும் நம்மோடு சேர்ந்து ஓடுகிறது. 2020 பிப்ரவரியில் அட்லாண்டிக்கின் மேல் புயல்காற்று வலுத்திருந்த ஓர் இரவில், பிரிட்டிஷ் ஏர்வேஸின் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்ததும் இப்படித்தான்.

ஆனால் எனக்கு எல்லாவற்றையும் திருப்பிப் போட்டது திரும்பும் பயணம்தான். லாஸ் ஏஞ்சலஸில் கிளம்பியதும் விமானம் கடற்கரையை ஒட்டி வடக்கே போனது. போய்க்கொண்டே இருந்தது. நூல் சொன்ன 48 பாகையைத் தாண்டியது. அலாஸ்காவின் தெற்கே, அல்யூஷன் தீவுகளை நெருங்கும் அளவுக்கு மேலே ஏறியது. நான் அம்மாவின் நூலை மனதில் இழுத்துப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இது மிகக் குறுகிய வழி இல்லை. தெளிவாகவே சுற்று வழி. திரையில் எதிர்க்காற்று 60, 70 என்றே காட்டியது. கீழே தெற்கில் எங்கேயோ, போகும்போது எங்களைத் தள்ளிக்கொண்டு போன அந்த ஆறு இப்போதும் கிழக்கே பாய்ந்துகொண்டிருக்கிறது. விமானம் அதன் கரையோரமாக ஒதுங்கிப் போகிறது. ஆற்றுப் போக்கில் நடு ஆற்றில் தோணியை விடுகிறவர்கள், எதிர்த்துப் போகும்போது கரையோரம் ஒதுங்கித் துழாவுவார்களே, அப்படியே.

அந்த இடத்தில்தான் நான் இவ்வளவு நாள் வைத்திருந்த எண்ணம் உடைந்தது. இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு பாதை இருக்கிறது, அதில் விமானம் போய்வருகிறது, காற்று அதைக் கொஞ்சம் முன்னே பின்னே ஆக்குகிறது என்றுதான் நினைத்திருந்தேன். நிலையான பாதை என்று ஒன்று இல்லவே இல்லை. அன்றைய காற்றைப் பார்த்து பசிபிக்கின் மேல் தினமும் புதிதாகத் தடங்களை வகுக்கிறார்கள். நேற்றுப் போன தடம் இன்று இருக்காது. போகிற தடம் வருகிற தடமாகாது. விமானி தேடுவது கிலோமீட்டரில் குறைந்த வழியை அல்ல, காற்றுக்குள் குறைந்த நேரம் ஆகும் வழியை. அந்த 8,750 கிலோமீட்டரை அப்படியே பறந்த விமானம் ஏதாவது ஒரு நாளில் இருந்திருக்கலாம். எங்கள் இரண்டு விமானமும் அதில் இல்லை.

ஜப்பானை நெருங்கும்போது தெற்கே இறங்கித்தான் ஆக வேண்டும். எதிர்க்காற்று 180-க்கு ஏறியது, தரை வேகம் 710-க்கு இறங்கியது. அம்மா கேட்டாள்: "போகும்போது கொடுத்ததை வரும்போது திருப்பி வாங்கிக்குது. கடைசியில கணக்கு சரியாயிடும், இல்ல?"

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இந்த முறை பதிலை உடனே சொல்லாமல், அவளுடைய நோட்டின் கடைசிப் பக்கத்தில் போட்டுப் பார்த்தோம். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று 9,000 கிலோமீட்டர், விமானத்தின் வேகம் 900, காற்று 100 என்று வைத்துக்கொண்டோம். காற்றே இல்லையென்றால் போகப் பத்து, வரப் பத்து, மொத்தம் இருபது மணி நேரம். காற்று இருந்தால் போகும்போது வேகம் 1,000, ஒன்பது மணி நேரம். வரும்போது 800, பதினொன்றேகால் மணி நேரம். மொத்தம் இருபதேகால். கால் மணி நேரம் கூட. இரண்டு தடவை போட்டுப் பார்த்தாள். அதேதான். காற்று கொடுத்ததைவிட அதிகமாக வாங்கிக்கொள்கிறது. காரணத்தை நான் தேடிக்கொண்டிருக்கும்போதே அம்மா சொன்னாள்: "எதிர்க்காத்துக்குள்ள அதிக நேரம் இருக்கோம்ல."

அதுதான் காரணம். பின்காற்று உதவுவது ஒன்பது மணி நேரம், எதிர்க்காற்று தடுப்பது பதினொன்றேகால். காற்று எவ்வளவு வலுக்கிறதோ, போய்வரும் மொத்த நேரம் அவ்வளவு கூடும். வடக்கே ஒதுங்கிப் போவது அந்த இழப்பைக் குறைக்கத்தான்.

கடிகாரம் சொல்லும் கதை

இன்னொரு விஷயத்தையும் அம்மாவின் நோட்டுதான் தெளிவாக்கியது. பயணச்சீட்டில் போட்டிருந்தபடி, நரிதாவில் மாலை ஐந்து மணிக்குக் கிளம்பி லாஸ் ஏஞ்சலஸில் அதே நாள் காலை பத்து மணிக்கு இறங்கினோம். கிளம்புவதற்கு ஏழு மணி நேரம் முன்னதாக! திரும்பும்போது பகல் பன்னிரண்டுக்குக் கிளம்பி மறுநாள் மாலை ஐந்துக்கு வந்தோம். கடிகாரப்படி இருபத்தொன்பது மணி நேரம். ஒன்று ஏழு குறைவு, இன்னொன்று இருபத்தொன்பது. இரண்டையும் கூட்டினால் இருபத்திரண்டு. போகப் பத்து, வரப் பன்னிரண்டு, அதே இருபத்திரண்டு. இரண்டு ஊர்க் கடிகாரங்களுக்கும் இடையே உள்ள பதினேழு மணி நேர வித்தியாசம் போகும்போது கழிந்து, வரும்போது கூடி, ஒன்றை ஒன்று அடித்துவிடுகிறது. நடுவில் கோடைக்காலக் கடிகார மாற்றம் வராத வரைக்கும் எந்த இரண்டு ஊருக்கும் இது பொருந்தும். பயணச்சீட்டைப் பார்த்துக் குழம்புகிறவர்களுக்கு நான் இப்போது இதைத்தான் சொல்லிக் கொடுக்கிறேன்.

அந்தப் பத்துக்கும் நோட்டில் உள்ள ஒன்பது மணி இருபத்தைந்து நிமிடத்துக்கும் உள்ள வேறுபாடு வேறு. சீட்டில் இருப்பது வாசலை விட்டு நகர்வதிலிருந்து வாசலில் வந்து நிற்பது வரை. தரையில் ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது எல்லாம் அதில் அடக்கம். தாமதத்துக்கென்று கொஞ்சம் கூடுதலாகவும் சேர்த்து வைப்பார்கள். இருபது நிமிடம் முன்னதாக வந்துவிட்டோம் என்ற அறிவிப்பைப் பல விமானங்களில் கேட்பது அதனால்தான்.

காற்று மட்டும்தான் நேரத்தை மாற்றுகிறது என்றும் இல்லை. ஹெல்சிங்கிக்கும் டோக்கியோவுக்கும் இடையே 7,800 கிலோமீட்டர் போல. ரஷ்யாவின் மேல் பறந்து ஒன்பதரை மணி நேரத்தில் போய்க்கொண்டிருந்தார்கள். 2022-இல் உக்ரைன் போர் தொடங்கியதும் அந்த வான்வெளி மூடப்பட்டது. பின்லாந்தின் ஃபின்ஏர் வட துருவத்தின் மேலாகவோ தெற்கே சுற்றியோ போக வேண்டியதாயிற்று. பயணம் பதின்மூன்று மணி நேரமானது. இணையப் பக்கத்தில் கேட்டால் இன்றைக்கும் அதே தூரத்தைத்தான் சொல்லும்.

அதனால்தான் அந்தப் பக்கங்கள்மேல் எனக்கு ஒரு குறை இருக்கிறது. தூரத்தை ஒரு எண்ணாகச் சொல்லுங்கள், அது சரி. நேரத்தைப் போகிற திசைக்கு ஒன்று, வருகிற திசைக்கு ஒன்று என்று இரண்டாகச் சொல்லுங்கள். குளிர்காலம், கோடை என்று பிரித்துச் சொன்னால் இன்னும் நல்லது. அந்த எண்ணைப் பார்க்கிறவர்களில் பாதிப்பேர், அந்தப் பக்கம் யாரோ காத்திருக்கிறார்கள் என்பதற்காகப் பார்க்கிறார்கள். எத்தனை மணிக்கு வாசலுக்கு வந்து நிற்க வேண்டும் என்பதுதான் அவர்களுக்கு வேண்டும். எத்தனை கிலோமீட்டர் என்பது அவர்களுக்கு எதற்கு?

இறங்கிய வார ஞாயிற்றுக்கிழமையே அம்மா பேரனை அழைத்தாள். நூலையும் உருண்டையையும் முன்னால் வைத்துக்கொண்டு, காற்று, வடக்கே ஒதுங்கியது, கால் மணி நேரக் கணக்கு எல்லாவற்றையும் சொன்னாள். "போன தடவை நாங்க சொன்னது தப்பு, நீ கேட்டதுதான் சரி" என்பதை முதலில் சொல்லிவிட்டுத்தான் தொடங்கினாள். 'நாங்க' என்றாள். தப்பு முழுவதும் என்னுடையது.

போன வாரம் அண்ணன் பேசினான். அடுத்த பிப்ரவரியில் வரச் சொன்னான், விடுமுறை கிடைக்கும் என்றான். நான் தேதிகளைக் குறித்துக்கொண்டிருந்தேன். அம்மா பக்கத்திலிருந்து ஃபோனை வாங்கினாள்.

"பிப்ரவரியா? அப்போ மேலே காத்து பலமா இருக்கும்டா. நாங்க வர்றது சீக்கிரம் வந்துடுவோம், நீ முன்னாடியே வந்து நில்லு. திரும்புறதுதான் இழுக்கும்."